366 நாட்களும் 365 படிகளும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்றும், அவை வருஷத்தின் 365 நாட்களைக் குறிக்கின்றன என்றும் நமது ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா நடக்கிறது. படிக்குப் படி கற்பூரம் கொளுத்திப் பாட்டுப் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதியன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார் பங்களாவுக்கு ஓடின ஜனங்களைப் பார்த்து, துரையைக் காணப் போவதற்கு முன் முருகனைக் காணுங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் என்பவர் இதை ஏற்படுத்தினதாகச் சொல்லுகிறார்கள். அந்தத் துரைகள் போய் வேறு துரைகள் வந்து எத்தனையோ வருஷமாகிறது. துரைகளிடம் கணக்குக் கேட்கிற வழக்கம் மாத்திரம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

2024-ம் வருஷத்துக்கு நாட்கள் 366. பிப்ரவரி 29-ந் தேதிக்குப் படி எங்கே என்று நாம் கேட்டால், நாஸ்திகன் குதர்க்கம் பேசுகிறான் என்பார்கள். ஆகையால் கேட்காமலே விட்டு விடுகிறோம். ஒரு படி குறைவது நமக்குப் பெரிய விஷயமல்ல. அந்த வருஷத்தில் என்ன நடந்தது, யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று எந்தப் படியிலும் ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் நமது கவலை. அந்த வருஷம் முடிந்து போயிற்றே, இப்பொழுது எதற்கு என்று சிலர் சொல்லலாம். வட்டிக் கடைக்காரர் எந்த வருஷத்துக் கணக்கையாவது முடிந்து போயிற்று என்று விடுகிறாரா என்று மாத்திரம் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தென் ஆசியாவில் சார்க் என்ற சங்கத்தில் சேர்ந்த தேசங்கள் 8. அவைகளில் 6 தேசங்களில் அந்த ஒரே வருஷத்தில் பொதுத் தேர்தல் நடந்தது. ஜனவரி 7-ந் தேதி பங்களாதேஷ். 9-ந் தேதி பூட்டான். பிப்ரவரி 8-ந் தேதி பாகிஸ்தான். ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை இந்தியா. நடுவில் ஏப்ரல் 21-ந் தேதி மாலத்தீவு. செப்டம்பர் 21-ந் தேதி ஜனாதிபதிக்கும் நவம்பர் 14-ந் தேதி பார்லிமெண்டுக்குமாக இலங்கை. இந்தியாவில் மாத்திரம் ஓட்டுப் போட்டவர்கள் 64 கோடிப் பேர். உலகம் உண்டான நாள் முதல் இந்தப் பூமியில் இத்தனை தலைகள் ஒரு வருஷத்தில் எண்ணப்பட்டதில்லை.

தலைக்கு ஒரு ஓட்டு என்பது சாமானியமான காரியமல்ல. மிராசுதாருக்கும் ஒன்று, அவர் வயலில் களை பிடுங்குகிறவளுக்கும் ஒன்று. மடாதிபதிக்கும் ஒன்று, அவர் மடத்து வாசலில் செருப்புத் தைக்கிறவனுக்கும் ஒன்று. மனுதர்மத்தில் இதற்கு இடமில்லை. வேறு எந்த மதத்துப் புஸ்தகத்திலும் இருப்பதாக நாம் படித்ததில்லை. மனிதனாகப் பார்த்து மனிதனுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆனால் மேற்படி ஆறு தேசங்களிலும் தலையை எண்ணுவதற்கு முன்னால் வேறொன்றை எண்ணி வைத்திருந்தார்கள். அதாவது பிறப்பை எண்ணி வைத்திருந்தார்கள்.

முதலில் பங்களாதேஷ். அங்கே ஜனவரித் தேர்தலில் பிரதான எதிர்க்கட்சி அபேட்சகர்களையே நிறுத்தவில்லை. சர்க்கார் கொடுத்த கணக்குப்படியே நூற்றுக்கு 40 பேருக்குச் சற்று மேல்தான் ஓட்டுச் சாவடிக்கு வந்தார்கள். தோழர் ஷேக் ஹசீனா அம்மையார் தொடர்ச்சியாக நாலாவது தடவை பிரதம மந்திரியானார். முழுதாக ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 5-ந் தேதி ஆகாய விமானம் ஏறி இந்தியாவுக்கு ஓடி வந்தார்.

காரணம் என்ன? 1971 யுத்தத்தில் பாகிஸ்தானை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கென்று சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 30 ஸ்தானம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதலில் அது அவர்களுக்கு. பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு. பிறகு பேரப் பிள்ளைகளுக்கும் என்றாயிற்று. மாணவர்கள் கிளர்ச்சி செய்ததன் பேரில் 2018-ல் சர்க்கார் உயர்ந்த உத்தியோகங்களில் ஒதுக்கீடு முழுவதையும் எடுத்துவிட்டது. 2024 ஜூன் 5-ந் தேதி ஐக்கோர்ட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. மாணவர்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 16-ந் தேதி ரங்கப்பூரில் அபு சயீத் என்ற மாணவர், கையில் துப்பாக்கியோ கத்தியோ இல்லாமல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். போலீசார் அவரைச் சுட்டுவிட்டார்கள். இண்டர்நெட்டை நிறுத்தினார்கள், ஊரடங்கு உத்தரவு போட்டார்கள். அந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் செத்தவர்கள் 1,400 பேர் வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆபீசு பின்னால் விசாரித்துச் சொல்லியிருக்கிறது.

இந்தச் சமாசாரம் வந்தவுடன் நமது நாட்டில் வகுப்புவாரி உரிமை என்றால் வயிறெரிகிறவர்கள் சிலர், "பார்த்தீர்களா, இட ஒதுக்கீடு ஒரு தேசத்தையே கொளுத்திவிட்டது" என்று குதூகலப்பட்டார்கள். இவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லையா, அல்லது படித்தும் மறைக்கிறார்களா என்பது நமக்கு விளங்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சிக் காலத்தில் பிறந்த வகுப்புவாரி உத்தரவு எதற்காக ஏற்பட்டது? பிறப்பின் பேரால் எவன் வெளியே நிறுத்தப்பட்டானோ அவனை உள்ளே அழைப்பதற்காக ஏற்பட்டது. டாக்கா ஒதுக்கீட்டில் அந்த 30 எதற்காக? பிறப்பின் பேரால் ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு நாற்காலியைப் பரம்பரை பாத்தியதையாக்குவதற்காக. தாத்தா துப்பாக்கி பிடித்தார், ஆகையால் பேரனுக்குக் கலெக்டர் வேலை கொடு என்பதற்கும், தாத்தா வேதம் ஓதினார், ஆகையால் பேரன் காலில் விழு என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றைக் கண்டு கொதிக்கிறவன் மற்றொன்றையும் கண்டு கொதிக்க வேண்டியதுதான் நியாயம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நமது பத்திரிகைகள் அதிகமாக எழுதவில்லை. பழைய ஏற்பாட்டில் மொத்தம் 56 ஸ்தானம் ஒதுக்கீடு. அதில் 30 போக, ஸ்திரீகளுக்கு 10, பின்தங்கிய ஜில்லாக்களுக்கு 10, மலைஜாதி முதலிய சிறுபான்மையோருக்கு 5, அங்கவீனர்களுக்கு 1 என்று இருந்தது. ஜூலை 21-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, 93 தகுதிக்கு, 5 யுத்த வீரர் குடும்பங்களுக்கு, 1 சிறுபான்மையோருக்கு, 1 அங்கவீனருக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் என்று ஆயிற்று. ஸ்திரீகளின் பத்து எங்கே போயிற்று? ஜில்லாக்களின் பத்து எங்கே போயிற்று? கிளர்ச்சியில் முன்வரிசையில் நின்று அடிபட்டவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். களை பிடுங்கப் போன இடத்தில் பயிரும் சேர்ந்து போயிற்று. "தகுதி" என்ற வார்த்தை எந்தத் தேசத்தில் உச்சரிக்கப்பட்டாலும் முதலில் யார் வாயில் மண் விழுகிறது என்பதை நமது பெண்மக்கள் கவனிக்க வேண்டும்.

ஹசீனா அம்மையார் போன பிறகு பல ஊர்களில் ஹிந்துக்களின் வீடுகள் மேலும் கோவில்கள் மேலும் விழுந்தார்கள். அதே கையோடு சூஃபி பக்கிரிகளின் தர்காக்களையும் இடித்தார்கள். முன்னதற்கு இங்கே கூட்டம் போட்டுக் கண்ணீர் விட்டவர்களில் பின்னதற்கும் ஒரு சொட்டு விட்டவர்கள் அபூர்வம். அவர்கள் அழுதது அடிபட்டவனுக்காகவா, அடிபட்டவனின் மதத்துக்காகவா என்பது இதிலிருந்தே விளங்கும்.

பூட்டானைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 47 ஸ்தானங்களில் 30-ஐப் பிடித்துத் தோழர் ஷெரிங் தோப்கே மறுபடி பிரதம மந்திரியானார். ஜனங்களின் சந்தோஷத்தை அளவெடுக்கிற ராஜ்யம் என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய தேசம் அது. அந்தத் தேசந்தான், 1958-ல் குடியிருந்ததற்கு வரி ரசீது காட்டு என்று கேட்டு, நேபாளி பாஷை பேசுகிற ஒரு லட்சம் பேருக்கு மேல் 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் வெளியே போகும்படி செய்தது. ரசீது இல்லாதவனின் சந்தோஷம் அளவில் சேரவில்லை போலும்.

பாகிஸ்தானில் தோழர் இம்ரான் கானை ஜெயிலில் வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். அவர் கட்சியின் கிரிக்கெட் மட்டைச் சின்னத்தைக் கோர்ட்டு மூலம் பிடுங்கிக் கொண்டார்கள். அபேட்சகர்கள் ஆளுக்கொரு சின்னத்தில் சுயேச்சையாக நிற்க வேண்டி வந்தது. ஒருவருக்குக் கத்தரிக்காய்ச் சின்னங்கூடக் கிடைத்தது. ஓட்டுப் போடுகிற அன்றைக்குச் செல்போனை நிறுத்தினார்கள். இவ்வளவும் செய்து எண்ணிப் பார்த்தால், அந்தக் கத்தரிக்காய்க்காரர்களே மற்றெந்தக் கட்சியையும்விட அதிக ஸ்தானங்களில் ஜெயித்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாமர ஜனங்கள் என்று யாரைச் சொல்லுகிறார்களோ அவர்கள், ஒவ்வொரு தொகுதியிலும் எந்தச் சின்னம் யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்துக் குத்தியிருக்கிறார்கள். ஆனாலும் பட்டாளத்தின் தயவிலே தோழர் ஷாபாஸ் ஷெரீப்தான் பிரதம மந்திரியானார் என்பது வேறு விஷயம்.

தேர்தலுக்கு ஐந்து நாளைக்கு முன் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். இம்ரான் கானுக்கும் அவர் மனைவிக்கும் ஏழேழு வருஷம் ஜெயில் தண்டனை கொடுத்தார்கள். குற்றம் என்ன? அந்த அம்மாள் முதல் புருஷனிடம் விவாகரத்துப் பெற்ற பின், மதம் சொல்லுகிறபடி இத்தனை மாதவிலக்கு கழியும்வரை காத்திராமல் மறு கல்யாணம் செய்துகொண்டாராம். ஒரு ஸ்திரீயின் தீட்டு நாட்களைக் கோர்ட்டில் வைத்து விரல் விட்டு எண்ணி, அரசியல் விரோதியை ஜெயிலில் தள்ளுகிறது ஒரு சர்க்கார்! ஜூலை மாதத்தில் மேல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. இந்த விரோதம் எல்லாம் முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் உள்ளது. அகமதியா வகுப்பாருக்கோ தனி ஓட்டர் ஜாபிதா. முஸ்லிம்கள் அல்ல என்று தாங்களே ஒப்புக்கொண்டால்தான் அந்த ஜாபிதாவில் சேரலாம். சுயமரியாதையுள்ள எவன் அப்படி ஒப்புக்கொள்ளுவான்?

மாலத்தீவில் 93 ஸ்தானங்களில் 66-ஐ ஜனாதிபதி தோழர் முய்சுவின் கட்சி பிடித்தது. இந்தியச் சிப்பாய்கள் வெளியே போகட்டும் என்பது அவர்களுடைய கூப்பாடு. மே மாதத்தில் சிப்பாய்கள் போனார்கள். அக்டோபர் மாதத்தில் ஜனாதிபதியே டில்லிக்கு வந்து பண உதவி பெற்றுக்கொண்டு போனார். நாம் கவனித்தது வேறொன்று. ஜெயித்த 93 பேரில் ஸ்திரீகள் மூன்றே பேர். தவிரவும், முஸ்லிம் அல்லாதவன் அந்நாட்டுப் பிரஜையாக முடியாது என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிற்க, இந்தியாவுக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரன் மூக்கைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நமது மூக்கைப் பார்க்காமல் போவது நியாயமல்ல.

ஜனவரி 22-ந் தேதி அயோத்தியில் ராமர் கோவில் பிரதிஷ்டை. அதற்கு ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் 84 விநாடி. பிரதம மந்திரி தோழர் மோடி கர்ப்பக்கிரகத்தில் உட்கார்ந்தார். மத்திய சர்க்கார் ஆபீசுகளுக்கு அரை நாள் விடுமுறை. சங்கராச்சாரிகள் நால்வரும் போகவில்லை. கோபுர வேலை முடியாத கோவிலில் பிரதிஷ்டை சாஸ்திர விரோதம் என்று சிலர் பகிரங்கமாகவே சொன்னார்கள். சாஸ்திரம் அவர்களுக்கு இப்படியும் வளையும், தேர்தல் தேதிக்குத் தக்கபடி மற்றவர்களுக்கு அப்படியும் வளையும் என்பதைத் தவிர அந்தச் சண்டையில் நமக்குச் சிரத்தை இல்லை. 400 ஸ்தானம் வரும் என்று பறையடித்தார்கள். அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியின் ஆளுங்கட்சி அபேட்சகரே, அரசியல் சட்டத்தை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று ஓட்டர்களிடம் வாய்விட்டுச் சொன்னார்.

ஜூன் 4-ந் தேதி என்ன ஆயிற்று? 2019-ல் 303 பெற்ற கட்சி 240-க்கு இறங்கிற்று. ஆந்திராவின் தோழர் சந்திரபாபு நாயுடுவின் 16-ஐயும், பீஹாரின் தோழர் நிதீஷ் குமாரின் 12-ஐயும் வைத்துத்தான் மந்திரிசபை அமைக்க முடிந்தது. பைசாபாத்திலேயே 54,567 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள். தோற்கடித்தவர் சமாஜ்வாதிக் கட்சித் தோழர் அவதேஷ் பிரசாத். பாசி என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அந்தத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியல்ல என்பதுதான் இதில் முக்கியம். எல்லா ஜாதியாரும் நிற்கக்கூடிய பொதுத் தொகுதியில், கோவில் கட்டி நாலு மாதம் சென்ற ஊரில், எல்லா ஜாதியாரும் சேர்ந்து ஒரு பாசியைத் தேர்ந்தெடுத்தார்கள். ரஸ்தா அகலப்படுத்துவதற்காக வீடும் கடையும் இடிபட்டவர்கள் அங்கே அநேகர். அவர்கள் சாமி கும்பிடுவதை விட்டுவிடவில்லை. கும்பிட்ட கையாலேயே ஓட்டை மாற்றிப் போட்டார்கள். 84 விநாடி முகூர்த்தம் கெட்டிருந்ததா, அல்லது ஜனங்களுக்கு வயிறு இருந்ததா என்று ஜோசியர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு முன் பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. கொடுப்பவன் பெயர் ஜனங்களுக்குத் தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்கிற திட்டம் அது. கோவில் உண்டியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். உண்டியலில் போடுகிறவனாவது சாமியிடம் மோட்சம் கேட்கிறான். இவர்கள் சர்க்காரிடம் காண்டிராக்டு கேட்டிருப்பார்கள். 2018 முதல் மொத்தம் 16,518 கோடி ரூபாய் விற்றிருக்கிறது. பெரும்பங்கு, ஏறக்குறைய 6,000 கோடிக்குமேல், டில்லியில் ஆளுகிற கட்சிக்கு. அதைச் சொல்லும்போது, எல்லோரையும்விட அதிகமாக 1,368 கோடிக்கு வாங்கியது கோயம்புத்தூர் லாட்டரிக்காரர் கம்பெனி என்பதையும், அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நாமும் யோக்கியர்கள் அல்ல. லாட்டரிச் சீட்டை நம் ராஜ்யத்தில் தடை செய்து இருபது வருஷத்துக்குமேல் ஆகிறது. பிற ராஜ்யத்து ஏழைகளின் பேராசையிலே வந்த காசு அது.

நமக்கு வடக்கே சில மைல் தாண்டினால் நகரி. அது ஆந்திர தேசம். மே 13-ந் தேதி அங்கே ஓட்டுப் போட்டார்கள்; மந்திரிசபை மாறிற்று. நமது ஊரில் பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தி, மாமன், மைத்துனன் இருப்பதால், கடைத்தெருவில் சொந்தத் தேர்தலைவிட அந்தத் தேர்தல் பேச்சுத்தான் அதிகம். புது மந்திரிசபை வந்து மூன்று மாதத்தில் திருப்பதி லட்டு நெய்யில் மிருகக் கொழுப்பு கலந்திருந்தது என்று முதல் மந்திரியே சொல்ல, துணை முதல் மந்திரி பதினோரு நாள் பிராயச்சித்த விரதம் தொடங்கினார். சாமியை அரசியலில் இழுக்காதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டி வந்தது. கலப்பட நெய்யைக் கண்டுபிடிக்க இரசாயன சாலை இருக்கிறது, தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. விரதம் எந்த நெய்யைச் சுத்தம் செய்யும்?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதலாம். அடுத்ததை அப்படி எழுத முடியவில்லை. ஜூலை 2-ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் ஜில்லாவில் ஒரு சத்சங்கம். போலே பாபா என்று பேர் வைத்துக்கொண்ட, முன்னாளில் போலீசில் வேலை பார்த்த ஒருவரின் கூட்டம். 80,000 பேருக்கு உத்தரவு வாங்கி இரண்டரை லட்சம் பேரைக் கூட்டினார்கள். பாபா போன பாதையிலுள்ள காலடி மண்ணை எடுத்து நெற்றியில் பூச ஜனங்கள் ஓடினதில் மிதிபட்டு 121 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஸ்திரீகள். சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு கூட்டம் நடத்தினவர்களைக் குற்றம் சொல்லிற்று. போலீசார் கொடுத்த குற்றப் பத்திரிகையில் 11 பேர் பெயர் இருந்தது. பாபா பெயர் இல்லை. விதியில் உள்ளதை யார் தடுக்க முடியும் என்ற பாவனையில் அவர் பின்னால் பேசினார்.

செத்த ஸ்திரீகளை மூட ஜனங்கள் என்று ஏசுவது சுலபம். நமது பிரசங்கிகளில்கூடச் சிலர் அப்படி ஏசினார்கள். அது நமக்குச் சம்மதமில்லை. அந்த பாபா தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். கூட்டத்துக்குப் போனவர்களில் மிகுதியானவர்கள் அதே வகுப்பையும் அடுத்த ஏழை வகுப்புகளையும் சேர்ந்தவர்கள். எந்தக் கோவில் வாசலிலும் மரியாதையாக நிறுத்தப்படாதவர்கள், ஆஸ்பத்திரியில் நாலு வார்த்தை ஆதரவாகக் கேட்கப்படாதவர்கள், வீட்டில் புருஷனிடம் உதைபடுகிறவர்கள், தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓரிடம் உண்டு என்று அங்கே போனார்கள். ஜனவரியில் அயோத்தியில் ஒரு விநாடி தவறக்கூடாது என்று அத்தனை காவல் போட்ட நாட்டில், ஜூலையில் இவர்களுக்கு ஒரு நல்ல வழிகூட விடவில்லை. இவர்கள் பிறப்புக்குக் கிடைத்த போலீஸ் பந்தோபஸ்து அவ்வளவுதான். இதற்கு இரண்டு வாரம் முன்னால் நமது கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்களே, அவர்கள் யார்? கூலிக்காரர்கள். பத்து லட்சம் ரூபாய் என்று சர்க்கார் உடனே அறிவித்தது. உயிரோடிருந்தபோது அந்தத் தெருவில் சாராயம் விற்றதை அறிவிக்க ஒரு அதிகாரி இல்லை.

ஓட்டு நடக்காத இரண்டு தேசங்களில் நேபாளத்தில் ஜூலை மாதம் மந்திரிசபை மாறித் தோழர் ஒலி வந்தார். 2025 செப்டம்பரில் வாலிபர்கள் தெருவுக்கு வந்ததும் போனார். மற்றொன்று ஆப்கானிஸ்தானம். 2024 ஆகஸ்டில் அங்கே ஸ்திரீகளின் குரல் வெளியில் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். டிசம்பரில் மருத்துவச்சிப் படிப்பையும் பெண்களுக்கு நிறுத்தினார்கள். பெண்ணை ஆண் டாக்டர் தொடக் கூடாது, பெண் டாக்டராகவும் கூடாது என்றால் பிரசவம் யார் பார்ப்பது? மதமே சர்க்காராக ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் பிரசங்கம் வேண்டியதில்லை.

கடைசியாக இலங்கை. 2019-ல் நூற்றுக்கு 3 ஓட்டுப் பெற்ற தோழர் அனுர குமார திஸாநாயக்க, 2024 செப்டம்பரில் 42 பெற்று, அத்தேசத்தில் முதல் தடவையாக இரண்டாம் விருப்ப ஓட்டும் எண்ணப்பட்டு ஜனாதிபதியானார். நவம்பரில் அவர் கட்சிக்கு 225-ல் 159. தகப்பன் பெயரையும் மாமன் பெயரையும் சொல்லி ஆண்ட குடும்பங்களெல்லாம் மூலைக்குப் போயின. யாழ்ப்பாண ஜில்லாவிலேயே 6 ஸ்தானங்களில் 3-ஐத் தெற்கத்திக் கட்சி பிடித்தது. மலையகத் தமிழ் ஸ்திரீகள் இருவர், தோழர்கள் அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும், முதல் முதலாகப் பார்லிமெண்டுக்குப் போனார்கள். லயத்தில் பிறந்த பெண் பார்லிமெண்டில் உட்காருவதைக் கண்டு சந்தோஷப்படாதவன் தமிழனல்ல, மனிதனுமல்ல.

ஆனால் இதே கட்சியின் மூலமான ஜனதா விமுக்தி பெரமுனாதான் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006-ல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது என்பதையும் மறக்க முடியாது. புத்த மதத்துக்கு முதலிடம் என்ற அரசியல் சட்டத்தின் 9-வது விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டக் கூலி விஷயம் என்ன ஆயிற்று? பழைய ஜனாதிபதி மே தினத்தில் தினம் 1,700 ரூபாய் என்றார். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். செப்டம்பரில் 1,350-ல் வந்து நின்றது. ஓட்டுக்கு முன் சொன்ன கூலிக்கும் கையில் வந்த கூலிக்கும் உள்ள 350 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது.

அந்தத் தோட்டத் தொழிலாளிகள் ஓட்டுரிமை பெற்ற கதையைச் சொன்னால்தான் நாம் சொல்ல வந்தது முடியும். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷத்தில், 18-வது நெம்பர் பிரஜா உரிமைச் சட்டத்தைப் போட்டு, உங்கள் தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பின்னால் பார்க்கலாம் என்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிற மாதிரி போட்டார்கள். ஆட்டைக்கூட வாங்குகிறவன் தொட்டுப் பார்ப்பான். இவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு முழுப் பிரஜா உரிமை கிடைக்க 2003-ம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இப்பொழுது நமது திருவள்ளூர் ஜில்லாவைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று முப்பது வருஷத்துக்குமேல் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய 58,000 பேர். 2021-ல் நமது சர்க்கார் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. வீடுகளும் கட்டிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியதே. ஆனால் ஓட்டு? 2024-ல் ஆறு தேசங்கள் ஓட்டுப் போட்டனவே, கோர்ட்டுக்குப் போய் வாங்கின ஒருவர் இருவர் தவிர, இவர்கள் எந்தத் தேசத்தில் போட்டார்கள்? இவர்களில் கணிசமானவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அதாவது தாத்தா தமிழ்நாட்டுக்காரர் என்று இலங்கையில் பிரஜா உரிமை இல்லாமற் போய், தகப்பன் இலங்கைக்காரன் என்று தமிழ்நாட்டில் பிரஜா உரிமை இல்லாமல் இருப்பவர்கள். முகாமிலேயே பிறந்து, நமது பள்ளிக்கூடத்திலேயே படித்த பிள்ளைகள்கூட, 1987 ஜூலைக்குப் பின் பிறந்திருந்தால், பெற்றோர் பிரஜைகள் அல்ல என்ற காரணத்தால் பிரஜைகள் அல்ல.

2024 மார்ச்சு 11-ந் தேதி டில்லி சர்க்கார் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு விதிகள் வெளியிட்டது. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானம் மூன்றிலிருந்தும் 2014 முடிவதற்குள் வந்த ஹிந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோருக்கு உரிமை உண்டு. முஸ்லிமுக்கு இல்லை. சரி, ஹிந்துக்களின் ரக்ஷகர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் ஆயிற்றே, கும்மிடிப்பூண்டியிலே முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிற ஈழத்து ஹிந்துவுக்காவது உண்டா என்றால் அதுவும் இல்லை. இலங்கை ஜாபிதாவிலேயே சேரவில்லை. ஆக முஸ்லிமை மதத்தின் பேரால் தள்ளினார்கள், ஹிந்துவை ஊரின் பேரால் தள்ளினார்கள். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை பாஸ்போர்ட்டு, விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று ஒரு உத்தரவு போட்டார்கள். ஜெயிலில் போடமாட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தமே தவிர, நீயும் பிரஜை என்பதல்ல.

இதைத் திருத்தணிக்காரர்களாகிய நாம் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். மொழிவாரி ராஜ்யம் பிரிந்தபோது நமது ஊர் ஆந்திராவில் சிக்கிக்கொண்டது. கிளர்ச்சி நடந்து, படாஸ்கர் சமரசத்தின் பேரில் 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்க்கப்பட்டது. முதல் நாள் இரவு ஆந்திராக்காரனாகப் படுத்தவன் மறுநாள் காலையில் சென்னை ராஜ்யத்துக்காரனாக எழுந்தான். கோடு நமது தலைக்கு மேலே நகர்ந்தது. நமது ஓட்டு நம்மிடமே இருந்தது. தெலுங்கு பேசுகிறவர்களை நகரிக்குப் போ என்று நாமும் சொல்லவில்லை. தமிழ் பேசுகிறவர்களைச் சித்தூரிலிருந்து துரத்தவும் இல்லை. கடல் நடுவில் இருப்பதால் கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு மாத்திரம் அது பொருந்தாமற் போகுமா?

ஜாபிதாவில் இலங்கை என்று ஒரு வார்த்தை சேருங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நடந்தாலும் நல்லதே. ஆனால் நாம் கேட்பது அதுவல்ல. மத ஜாபிதாவையே எடுத்துவிட்டு, இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தவன், இங்கே பிறந்தவன், எந்த மதமானாலும், மதமே இல்லாவிட்டாலும் பிரஜை என்று எழுதும்படி கேட்கிறோம். நமது திருத்தணி அரக்கோணம் பார்லிமெண்டுத் தொகுதியிலும், கும்மிடிப்பூண்டி திருவள்ளூர்த் தொகுதியிலும் இருக்கின்றன. இரண்டு மெம்பர்களும் ஊருக்கு வருகிறபோது சால்வையும் மாலையும் கொண்டு போகிற தோழர்கள், கூடவே ஒரு காகிதத்தில் இந்தக் கேள்வியையும் எழுதிக் கொண்டுபோய் நாலு பேர் முன்னிலையில் பதில் வாங்கி நமக்கு அனுப்பினால், எந்தக் கட்சி மெம்பர் என்ன சொன்னார் என்பதை அப்படியே வெளியிடுவோம்.